ஜூலை 31ல கூட்டாளி ரிட்டயர் ஆகுறான், கடலூர்ல திறந்தவெளியில விருந்து: இடம், மழை, சாப்பாடு பத்தி யோசனை வேணும்

பாப்புலியூர் பிரஸ்காரன் (கேள்வி)

வணக்கம். திருப்பாப்புலியூர்ல சின்னதா அச்சகம் வச்சிருக்கேன். பிளெக்ஸ் வந்தப்புறம் பாதி வேலை போச்சு, பில் புக்கும் கல்யாணப் பத்திரிகையும்தான் சோறு போடுது. அது வேற கதை.

என் கூட்டாளி மின்வாரியத்துல போர்மேன். ஹெல்பரா உள்ள போனவன், வயர்மேன், லைன் இன்ஸ்பெக்டர்னு ஏறி இங்க வந்து நிக்கிறான். ஜூலை 31, வெள்ளிக்கிழமையோட சர்வீஸ் முடியுது. ஆபீஸ்ல வழக்கமா நடக்கிறது நடக்கும். மாலை, பொன்னாடை, மோதிரம், ஏ.இ. (உதவிப் பொறியாளர்) பேச்சு, ஜீப்புல வீடு வரைக்கும் கொண்டாந்து விடுறது. அதுல நமக்கு வேலை இல்ல. ஒரே தெருவுல வளந்து ஒரே சங்கத்துல கேரம் ஆடின பழைய செட்டு நாங்க. ரெண்டு நாள் தள்ளி ஞாயித்துக்கிழமை, ஆகஸ்ட் 2, தனியா ஒரு விருந்து வைக்கலாம்னு இருக்கோம். குடும்பத்தோட சேத்தா எண்பது பேர் வரும்.

மண்டபம் வேணாம்னு முதல்லயே முடிவு பண்ணிட்டோம். அவனே சொல்லிட்டான், "மேடை போட்டீங்கன்னா நான் கீழ உக்காந்து சாப்ட்டுட்டுப் போயிடுவேன், யாரும் தேடாதீங்க"ன்னு. சொன்னா செய்வான். அவன் வேலை பூரா வெட்டவெளியில. ஏசி ரூமுக்குள்ள அஞ்சு நிமிஷம் இருந்தா தும்ம ஆரம்பிச்சுடுவான்.

ஆளைப் பத்தி ஒண்ணு சொன்னா உங்களுக்கு யோசனை சொல்ல சுலபமா இருக்கும். 2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரையேறுச்சே, அன்னைக்கு வீட்டை விட்டுப் போனவன்தான். எப்ப வருவான், எங்க தூங்குறான்னு யாருக்கும் தெரியாது. தாடியோட, சட்டையெல்லாம் கிரீஸோட நடுராத்திரி வந்து குளிச்சுட்டு மறுபடி கிளம்பிடுவான். எங்க தெருவுக்குக் கரண்ட் வந்தப்ப பொம்பளைங்க ஆரத்தித் தட்டோட வந்து டிரான்ஸ்பார்மர் கிட்ட நின்னாங்க. அவன் வீடு அடுத்த தெரு, அந்த லைன் அதுக்கும் அப்புறம்தான் ஏத்தினாங்க. "ஊருக்கெல்லாம் வெளிச்சம், போர்மேன் வீட்ல அரிக்கேன்"னு அவன் வீட்டுக்காரம்மா இன்னைக்கும் சொல்லிக்காட்டும். அப்ப அவன் வயர்மேன்தான். ஆனா அது கதை சொல்லும்போது புருஷனுக்குப் புரமோஷன் குடுத்துடும்.

இப்ப கேக்க வேண்டியது.

இடம் மூணு கையில இருக்கு. ஒண்ணு, தேவனாம்பட்டினம் சில்வர் பீச். ரெண்டாவது, தாழங்குடா பக்கம் எங்க செட்டுல ஒருத்தனோட மாமனார் சவுக்குத் தோப்பு. மூணாவது, கேப்பர் மலையில மத்திய சிறைச்சாலை தாண்டி ஒரு மாந்தோப்பு, உள்ள மோட்டார் கொட்டாயும் ஓட்டு வீடும் இருக்கு. "நல்ல காரியத்துக்கு ஜெயிலைத் தாண்டியா போறது"ன்னு ஒருத்தன் இப்பவே ஆரம்பிச்சுட்டான். இதுல நாலு பேரு பாண்டியிலதான் வைக்கணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறானுங்க. காரணம் நான் சொல்ல வேண்டியதில்ல.

அடுத்தது தேதி. ஆடியில எதையும் வைக்காதேங்கிறாங்க எங்கம்மா. கல்யாணமா காதுகுத்தா, விருந்துதானேன்னா கேக்க மாட்டேங்கிறாங்க. ஆவணிக்குத் தள்ளலாம்னா பாதிப் பேருக்கு முகூர்த்தம் இருக்கு. எனக்கும் பத்திரிகை வேலை அப்பதான் கொஞ்சம் வரும்.

மழை, வெளிச்சம் ரெண்டுக்கும் என்ன பண்றது? பக்கத்துக் கம்பத்துல கொக்கி போட்டா அவனே பீஸைப் பிடுங்கிட்டு வீட்டுக்குப் போயிடுவான், அதனால அந்த யோசனை யாரும் சொல்லாதீங்க.

பேச்சு கிடையாது, மேடை கிடையாதுன்னா வந்தவங்க என்னதான் செய்வாங்க? தின்னுட்டுப் போற மாதிரியும் ஆயிடக்கூடாது. கேரம் போர்டு ரெண்டு கொண்டாந்து போடலாம்னு மட்டும் வச்சிருக்கேன். சங்கத்துல போர்டுக்கு மேல தொங்குன அந்தத் தகரத் தொப்பி பல்பைக் கூட அவன்தான் மாட்டினது, வாரியத்துல சேர்றதுக்கு முன்னாடியே.

எல்லாரும் போட்டுக் குடுக்கிறதுல அறுபதாயிரம் வரைக்கும் சேரும். அதுக்கு மேல வேணாம்.

---

முதுநகர் சமையல்

அண்ணே, நான் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறவன், அதனால உங்கம்மா கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு ஆடிதான் நல்லதுன்னு சொல்றேன். ஆடியில எங்களுக்கெல்லாம் வேலை கிடையாது. பாத்திரம், சேரு, பந்தல், சப்ளை பண்ற பசங்க எல்லாம் சும்மா கிடக்கும். அதே எண்பது பேரை ஆவணி முகூர்த்தத்துல கொண்டாந்தீங்கன்னா பெரிய ஆர்டரைத் தாண்டி உங்க போனையே எடுக்க மாட்டோம். நிஜத்தைச் சொல்றேன்.

ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க. ஆகஸ்ட் 2ன்னா ஆடிப்பெருக்கை ஒட்டி வருது. அதுவும் ஞாயிறு. சில்வர் பீச்சுல கால் வைக்க இடம் இருக்காது. இல்லேன்னாலும் நான் பீச் வேணாம்னுதான் சொல்லுவேன். பிளாஸ்டிக் சேர் மணல்ல ஒரு பக்கமா புதையும், கொஞ்சம் கனமான ஆளு உக்காந்தா அப்படியே சாயும். காத்துல கேஸ் அடுப்பு நிக்காது. இலை போட்டா பறக்கும், போடலன்னா சாப்பாட்டுல மணலு. உங்க கேரம் பவுடரும் வங்கக்கடலுக்குப் போயிடும். பொது இடத்துல அடுப்பு, மைக்குன்னா மாநகராட்சி, போலீஸ் ரெண்டு இடத்துலயும் கேக்கணும்.

சவுக்குத் தோப்பு பாக்க அழகு, நிழல் கம்மி. அதைவிட முக்கியம், தரையில சருகு மெத்தை மாதிரி கிடக்கும். ஜூலை காய்ச்சல்ல அது பஞ்சு. விறகு அடுப்புல இருந்து ஒரு பொறி விழுந்தா போதும். அங்கதான் வைக்கணும்னா அடுப்பைச் சுத்தி இருபதடி பெருக்கி, மண்ணு தெரியிற வரைக்கும் தண்ணி அடிச்சு, ரெண்டு டிரம் தண்ணி பக்கத்துலயே வைக்கணும். பட்டாசு பக்கமே போகாதீங்க. ரிட்டயர்மென்ட்டுக்கு சரவெடி வைக்கிற பழக்கம் நம்ம ஊர்ல ஏன் வந்துச்சுன்னு எனக்குப் புரியல.

மாந்தோப்புதான் என் ஓட்டு. நிழல் கெட்டி, தண்ணி இருக்கு, ஓட்டு வீடு இருக்கு. ஒரே தொல்லை முசுறு எறும்பு. இலையை ஒட்டிக் கூடு கட்டியிருக்கும், கிளையில தோரணம் கட்டப் போனா கழுத்துல விழுந்து கடிக்கும். ரெண்டு நாள் முன்னாடி தோப்புக்காரர் ஒருத்தரை வச்சு, நீங்க உக்காரப் போற மரத்துல மட்டும் கூடுகளை அறுத்து தூரமாப் போடச் சொல்லுங்க. மருந்து அடிக்க வேணாம், அது சாப்பாட்டுல இறங்கும்.

மழையைப் பத்தி: ஆடியில பகல் பூரா மேக்காத்து, சாயங்காலம் மேக்க கறுக்கும், ஏழு எட்டு மணிக்கு மேல இடியோட ஒரு கொட்டு கொட்டும். தினம் வராது, வந்தா தாங்காது. சாமியானாத் துணி வேணாம், அரைமணி மழையில தொட்டில் கட்டி நடுவுல உக்காந்திருக்கிறவர் தலையில கவுத்தும். ஷீட் பந்தல் போடுங்க, எண்பது பேருக்குச் சாப்பிடுற இடத்துக்கு மட்டும் போட்டாப் போதும்.

சாப்பாடு. கிலோ அரிசிக்கு எட்டுலேர்ந்து பத்துப் பேர். கூட அயிட்டம் இருக்கிறதால எண்பது பேருக்கு எட்டு கிலோ சீரகச் சம்பா தாராளம். கறி பன்னெண்டு கிலோ. தடைக்காலம் ஜூன் 14ஓட முடிஞ்சுடும், ஆகஸ்ட்ல துறைமுகத்துல மீன் நல்லாவே கிடைக்கும். வஞ்சிரம்னு ஒத்தைக்கால்ல நிக்காதீங்க, விலை கேட்டா தலை சுத்தும். சங்கரா இல்ல பாறை வாங்கி அங்கேயே கல்லு போட்டுச் சுடச்சுட வறுத்துக் குடுத்தா எவனும் வஞ்சிரம் கேக்க மாட்டான். வறுக்கிறதுக்குன்னே ஒரு ஆளு தனியா வேணும், பிரியாணி பாக்கிறவனையே இதையும் பாக்கச் சொன்னா ரெண்டும் கருகும்.

அப்புறம் ஆடி ஞாயிறு, தெருவுக்குத் தெரு கூழ் ஊத்துவாங்க. காப்பு கட்டின தெருவுல இருந்து வர்றவங்க கறி தொட மாட்டாங்க. இருபது பேருக்குத் தனியா சைவம் வைங்க, அதுக்குக் கரண்டி கூடத் தனி. வந்ததும் குடிக்க கலர் தண்ணிக்குப் பதிலா கேழ்வரகுக் கூழ் மோர் விட்டுக் கரைச்சு, சின்ன வெங்காயம், மோர் மிளகாய் வச்சுக் குடுங்க. செலவு ஒண்ணுமில்ல. கேக்கிறவனுக்குக் கருவாட்டுக் குழம்பு ஒரு சட்டி ஓரமா இருக்கட்டும். பாக்குமட்டைத் தட்டு வாங்குங்க. பிளாஸ்டிக் தட்டு, டம்ளர் 2019 ஜனவரியில இருந்தே தடை, தோப்புக்காரருக்கும் குப்பை மிஞ்சாது.

---

மஞ்சை டீச்சர்

தம்பி, இங்கே எல்லாரும் அடுப்பைப் பற்றியும் பந்தலைப் பற்றியும் பேசுகிறீர்கள். நான் கழிப்பறையைப் பற்றிக் கேட்கிறேன். அந்த ஓட்டு வீட்டில் கதவு பூட்டும்படியான கழிப்பறை இருக்கிறதா? தண்ணீர் வருகிறதா? மேற்கத்தியக் கோப்பை இருக்கிறதா? எண்பது பேரில் பாதிப் பேர் பெண்கள், வயதும் ஐம்பதுக்கு மேல். தோப்பில் விருந்து என்றால் மத்தியானம் முதல் தண்ணீர் குடிக்காமல் வருவோம், உங்களுக்குத் தெரியாது. இல்லையென்றால் வாடகைக்கு நடமாடும் கழிப்பறை ஒன்று கொண்டுவந்து நிறுத்துங்கள், மீன் வறுவலில் குறைத்துக்கொள்ளலாம்.

நேரம்: மாலை மூன்றரைக்கு ஆரம்பியுங்கள். கூழ் ஊற்றும் வேலை முடித்துவிட்டு வர வசதியாக இருக்கும். சாப்பாட்டை ஆறரைக்கே போட்டு எட்டு மணிக்குள் எல்லாரையும் வண்டி ஏற்றிவிட்டால் மழையையும் தப்பலாம். கைப்பிடி உள்ள நாற்காலி இருபதாவது சொல்லுங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு உட்காருவது சுலபம், எழுந்திருப்பதுதான் கஷ்டம். இனிப்பு ஒன்று போதும். எண்பது பேரில் முப்பது பேர் மாத்திரை டப்பாவோடுதான் வருவார்கள்.

இனி நான் சொல்ல வந்தது. இதைப் பற்றி அந்த அம்மாவிடம் பேசினீர்களா? நீங்கள் எழுதியதில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, அரிக்கேன் விளக்கு. அதுதான் இந்த முழுக் கேள்வியிலும் எனக்குப் பிடித்தது. என் கணவர் ஓய்வு பெற்றபோது வீட்டு மாடியில் விருந்து வைத்தார்கள். எல்லாரும் அவருக்கு மாலை போட்டார்கள், நான் கடைசிப் பந்தி வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். புகைப்படத்தில் என் கை மட்டும் இருக்கிறது, ஜக்கோடு. ஆகையால் அன்று அந்த அம்மா ஒரு கரண்டியையும் தொடக்கூடாது. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மாலை போடுவதாக இருந்தால் முதல் மாலை அவருக்கு.

திடீர் விருந்தாக ஒளித்து வைக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். அறுபது வயதில் புடவை மாற்றாமல் எண்பது பேர் முன்னால் போய் நிற்க எந்தப் பெண்ணுக்கும் பிடிக்காது.

பாட்டில் விஷயத்தை நீங்கள் நாசூக்காகத் தொட்டீர்கள், நான் நேராகவே சொல்கிறேன். குடும்பத்தோடு கூப்பிட்டால் அது கூடாது. அது வேண்டும் என்றால் குடும்பத்தைக் கூப்பிடாதீர்கள்.

---

முருங்கப்பாக்கத்தான்

பாண்டிக்காரன் வந்திருக்கேன். எங்க ஊருன்னாலே கடலூர்க்காரங்களுக்கு அது ஒண்ணுதான் ஞாபகம் வரும் போல. தாவரவியல் பூங்கா 1826லேர்ந்து இருக்கு சார், அதைப் பாக்க வரணும்னு எவனும் ஒத்தைக்கால்ல நின்னதில்ல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். திறந்தவெளின்னா இங்க எல்லாரும் முதல்ல சொல்றது நோணாங்குப்பம் சுண்ணாம்பாறு படகுத் துறை, அங்கேர்ந்து போட்டுல பாரடைஸ் பீச். ஞாயிறு அங்க டிக்கெட் வரிசையிலயே உங்க விருந்து முடிஞ்சுடும். அதுவும் படகு இருட்டுறதுக்கு முன்னாடி திரும்பிடும். பூங்காவுல அடுப்பு வைக்க விட மாட்டாங்க. ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம், அங்க போய் சத்தம் போடுறது முறையில்ல. கடற்கரைச் சாலையில சாயங்காலம் ஆனா வண்டியே விடுறதில்ல, நடக்கத்தான் லாயக்கு. மிச்சம் ரிசார்ட்டுங்கதான். புல்தரை, விளக்கு எல்லாம் இருக்கும், எண்பது பேருக்கு உங்க அறுபதாயிரத்துல ஆகாது, வெளிச் சாப்பாடும் உள்ள விட மாட்டாங்க. ஆகவே கேப்பர் மலைக்கே என் ஓட்டும்.

அந்த நாலு பேருக்கு ஒண்ணு சொல்லுங்க. "விருந்து கடலூர்ல, சரக்கு பாண்டி எல்லையில முள்ளோடையில வாங்கிட்டு வந்துடுறோம்"னு கடைசி நேரத்துல கிளம்புவாங்க, நான் பாத்திருக்கேன். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில வண்டியை நிறுத்திப் பாப்பாங்க. அது தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டத்துல கேஸ், வண்டியும் உள்ள போயிடும். ரிட்டயர் ஆனவருக்கு ரெண்டாவது நாளே பெயில் எடுக்க அலையிற வேலை குடுக்காதீங்க. அவங்களுக்கு வேணும்னா இன்னொரு நாள், ஆம்பளைங்க மட்டும், இங்க வந்து தங்கிட்டு மறுநாள் காலையில போகட்டும். இருபது, இருபத்தஞ்சு கிலோமீட்டர்தானேன்னு ராத்திரி வண்டி ஓட்டுற பேச்சே வேணாம்.

---

எல்.சி. ரிட்டர்ன்

நானும் வாரியத்துல இருந்து போனவன்தான், வேற மாவட்டம். போர்மேன் விருந்துங்கிறதால எழுதுறேன்.

மோட்டார் கொட்டாய்னு படிச்சதும் எனக்குத் திக்குனு இருந்துச்சு. அது இலவச விவசாய சர்வீஸா இருந்தா அதுல இருந்து ஒரு பல்பு கூட விருந்துக்கு இழுக்காதீங்க. தண்ணி இறைக்க மட்டும் குடுத்த இணைப்பு அது, வேற எதுக்கு எடுத்தாலும் தோப்புக்காரர் தலையிலதான் அபராதம் விழும். கொக்கிக்கும் அதுக்கும் உங்க ஆளு வித்தியாசம் பாக்க மாட்டாரு. ஓட்டு வீட்டுக்குத் தனியா வீட்டு சர்வீஸ் இருந்தா, தோப்புக்காரரை வச்சு மின்வாரிய செக்‌ஷன்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு அதுல இருந்து எடுக்கலாமான்னு பாருங்க. இல்லேன்னா தற்காலிக இணைப்புக்கு எழுதிக் குடுங்க. அதுவும் சரிப்படலேன்னா சின்ன ஜெனரேட்டர் வாடகைக்கு எடுங்க. சமையல் விறகுலயும் கேஸ்லயும்தானே? எல்.இ.டி. பல்பு நாப்பது போட்டாலும் அரைக் கிலோவாட் தாண்டாது, நாலு பெடஸ்டல் ஃபேன் சேத்தாலும் ஒரு கிலோவாட்டுக்குள்ள. ரெண்டு, மூணு கே.வி.ஏ. ஜெனரேட்டர் போதும். பெரிசா கொண்டாந்தா சத்தத்துல பேச முடியாது. காத்து போற திசையில தள்ளி வைங்க, புகை பந்தல் பக்கம் வரக்கூடாது.

வயரிங் பண்றவன் யாரா இருந்தாலும் இந்த நாலைக் கேட்டுட்டுப் பணம் குடுங்க. போர்டுல கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. இருக்கா, 30 மில்லி ஆம்ப்ஸா? ஜெனரேட்டர் பாடிக்கு எர்த் அடிச்சிருக்கா? ஜாயின்ட் எல்லாம் தரையை விட்டு மேல, டேப் சுத்தி இருக்கா? வயர் ஜனங்க நடக்கிற வழியில குறுக்க போகாம தலைக்கு மேல போகுதா? ஈரப் புல்லுல செருப்பில்லாம குழந்தைங்க ஓடும், அதை நெனச்சுக்குங்க. பந்தல்காரங்க இரும்புக் கம்பத்துலயே வயரைச் சுத்திட்டுப் போயிடுவாங்க. உங்க ஆளு வந்ததும் மனுஷங்களைப் பாக்க மாட்டாரு, முதல்ல அண்ணாந்து வயரைத்தான் பாப்பாரு. நாங்க எல்லாரும் அப்படித்தான். என் மக கல்யாணத்துல மாப்பிள்ளை வர்றப்ப நான் சீரியல் லைட் போர்டு பின்னாடி நின்னுட்டிருந்தேன்.

இடி வந்தா எல்லாரும் ஓட்டு வீட்டுக்குள்ள. மரத்தடியில ஒதுங்கக்கூடாது. தோப்புல விருந்து வைக்கிறவங்க இதை முதல்லயே சொல்லி வச்சிடணும், அப்ப போய்ச் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க.

இப்ப ஆளுங்களைப் பத்தி. உங்க செட்டு, குடும்பம் மட்டும்னா சரி. ஆனா ஒரு பத்துப் பேரைக் கூட்டிக்குங்க. ஆபீஸ் விழாவுல முன் வரிசையில உக்காரறவங்க வேற. இவரோட கம்பத்துல ஏறின ஹெல்பருங்க, ஒப்பந்தத் தொழிலாளிங்க அன்னைக்குப் பின்னாடி நின்னு கை தட்டிட்டுப் போயிடுவாங்க. அவங்களுக்கு அந்த மேடையில பேச்சு கிடையாது. தானே சமயத்துல வெளி மாவட்டங்கள்ல இருந்து எங்க ஆளுங்களை லாரி லாரியா கடலூருக்கு அனுப்பினாங்க. பள்ளிக்கூடத்துலயும் மண்டபத்துலயும் படுத்துக்கிட்டு, சாஞ்ச கம்பத்தைப் பிடுங்கிப் புதுக்கம்பம் நட்டோம். அப்ப கூட வேலை செஞ்சவன் நம்பரை எவனும் அழிச்சிருக்க மாட்டான். அவர் போன்ல "சேலம் செல்வம் லைன்", "தேனி கம்பம்" இந்த மாதிரி பேருல இருக்கும். அந்தம்மாவை விட்டுப் பாக்கச் சொல்லுங்க. ரெண்டு பேர் பஸ் ஏறி வந்தாலும் மனுஷன் மோதிரத்தை விட அதைத்தான் பெரிசா நெனப்பாரு.

அவரோட செக்‌ஷன்ல அன்னைக்கு டியூட்டியில இருக்கிறவன் வர முடியாது. அதுவும் காத்து மழைன்னா சுத்தமா முடியாது. அவங்களுக்குப் பிரியாணி பார்சல் கட்டி ஏழு மணிக்குள்ள செக்‌ஷன் ஆபீஸுக்கு அனுப்பிடுங்க. உங்க ஆளு கேக்கிற முதல் கேள்வி அதாத்தான் இருக்கும்.

கேக் வெட்டுறதா இருந்தா "எல்.சி. ரிட்டர்ன்"னு எழுதச் சொல்லுங்க. லைன் கிளியர் வாங்கி வேலையை முடிச்சுட்டு, ஆளுங்க எல்லாம் பத்திரமா கீழ இறங்கியாச்சு, எர்த் ராடு எடுத்தாச்சுன்னு திருப்பிக் குடுக்கிறது. கேக் கடைக்காரனுக்குப் புரியாது, எங்களுக்குப் புரியும்.

---

பாப்புலியூர் பிரஸ்காரன்

எல்லாருக்கும் நன்றி. இத்தனை பேர் இவ்வளவு அக்கறையா எழுதுவீங்கன்னு நெனைக்கல.

டீச்சரம்மா, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு நேத்து அவன் இல்லாத நேரமா வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். அவன் வீட்டுக்காரம்மா எடுத்த எடுப்புல கேட்டது, "அன்னைக்கு அவரு போனை யாராவது வாங்கி வச்சுக்குவீங்களா?" ரிட்டயர் ஆனப்புறம் என்ன போன்னு கேட்டேன். "கரண்ட் போனா ஆபீஸ் நம்பருக்கா அடிக்கிறாங்க? இவரு நம்பருக்குத்தானே அடிக்கிறாங்க. ரிட்டயர் ஆயிட்டாருன்னு அவங்களுக்கெல்லாம் யாரு சொல்றது?" உண்மைதான். நானே போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு அடிச்சேன். போனை அவன் மருமக வாங்கி வச்சுக்கிறதா ஏற்பாடு. செக்‌ஷன்ல இருந்து வந்தா மட்டும் குடுக்கும்.

நம்பரும் அதுவே எடுத்துக் குடுத்துச்சு. எல்.சி. ரிட்டர்ன் சார், நீங்க சொன்னது அப்படியே. "மதுரை தானே", "நாமக்கல் கிளாம்ப்" ரெண்டு பேரு இருந்தாங்க. மதுரைக்காரர் போன எடுத்ததும், "அண்ணன் வீட்ல கரண்ட் வந்துடுச்சா?"ன்னு கேட்டாரு. இத்தனை வருஷம் கழிச்சு முதல் கேள்வி. வர்றேன்னு சொல்லியிருக்காரு. நாமக்கல்காரருக்கு அன்னைக்கு டியூட்டி, மாத்தப் பாக்குறேன்னாரு.

முடிவானது இது. கேப்பர் மலை மாந்தோப்பு, ஞாயிறு மூன்றரையில இருந்து எட்டு வரைக்கும். ஓட்டு வீட்டுல கழிப்பறை ஒண்ணு இருக்கு, இந்திய மாடல். டீச்சரம்மா சொன்ன நடமாடுறது ஒண்ணு கூடச் சொல்லியாச்சு. மோட்டார் கொட்டாய் இலவச சர்வீஸ்தான், அதனால ஜெனரேட்டர். அந்த நாலு பேருக்கு முருங்கப்பாக்கத்தார் சொன்னதைப் படிச்சுக் காட்டினேன். மூணு பேர் அடங்கிட்டான். ஒருத்தன் மட்டும் "ஆல்பேட்டை வேணாம், வேற ரோடு இருக்கு"ன்னு இன்னும் மேப் பாத்துக்கிட்டிருக்கான், அவனைப் பாண்டி பக்கமே விடாம மீன் வாங்குற பொறுப்பைக் குடுத்துட்டேன். எங்கம்மா மட்டும் முதல்ல வழிக்கு வரல. கூழ் ஊத்துறோம்னு சொன்னதும், "அப்ப சரி, ஆத்தா பேரைச் சொல்லி ஆரம்பிங்க"ன்னாங்க. அதுவே போதும்.

பேச்சுக்குப் பதிலா என்னன்னு கேட்டிருந்தேனே, அதுக்கு எனக்கே ஒண்ணு தோணுச்சு. வாழ்த்து மடல் அடிச்சு பிரேம் போட்டுக் குடுக்கிறதுதான் வழக்கம், மாசம் ரெண்டு நானே அடிக்கிறேன், எல்லாத்துலயும் அதே "ஓய்வறியா உழைப்பாளி"தான், பேரை மட்டும் மாத்துவோம். அது வேணாம். செக்‌ஷன் ஆபீஸ்ல இருக்கிற புகார் பதிவேடு மாதிரியே ஒண்ணு அடிக்கிறேன். நீள சைஸ் லெட்ஜர் பேப்பர், கட்டம் போட்டு, காலிகோ துணி முதுகு, செவப்பு மூலை, பழைய பைண்டிங். கட்டத்துக்கு மேல வரிசை எண், தேதி, இடம், புகார் விவரம், சரி செய்த விதம், கையொப்பம். வர்றவங்க ஒவ்வொருத்தரும் அவன் அவங்களுக்குச் சரி பண்ணிக் குடுத்த ஒரு விஷயத்தைப் புகாரா எழுதணும். கரண்ட் விஷயமாத்தான் இருக்கணும்னு இல்ல.

சாம்பிளுக்கு முதல் வரி நானே நிரப்பிட்டேன். இடம்: பாப்புலியூர் அச்சகம். புகார் விவரம்: சுனாமி வருஷம் வங்கி லோன் கட்ட முடியாம மிஷினைத் தூக்க வந்துட்டாங்க. சரி செய்த விதம்: வீட்டுக்காரம்மா வளையலை வச்சுப் பணம் கொண்டாந்தான், எதுவும் கேக்கல. அந்த வளையல் விஷயம் அதுக்கும் எனக்கும் அவனுக்கும் தவிர இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. எழுதலாமான்னு நேத்து கேட்டேன். "எழுது, ஆனா மீட்டுக் குடுத்தாச்சுன்னும் எழுது"ன்னுச்சு. எழுதிட்டேன்.

முதுநகர் அண்ணே, எட்டு கிலோ அரிசி இல்ல, ஒன்பதாக்குங்க. ஹெல்பர் பசங்க, ஒப்பந்த ஆளுங்க எட்டுப் பேர் கூட வர்றாங்க, செக்‌ஷனுக்குப் பார்சல் ஆறு. அட்வான்ஸ் யாருக்கு அனுப்பணும்னு தனிச்செய்தியில சொல்லுங்க. முசுறு வேலைக்குத் தோப்புக்காரர் ஒத்துக்கிட்டாரு.

---

முதுநகர் சமையல்

ஒன்பதே போட்டுடலாம் அண்ணே. மீன் வாங்குறவரை விடியக்காலையில நாலரைக்கே துறைமுகத்துக்கு வரச் சொல்லுங்க, ஆறு மணிக்கு வந்தா மிச்சம்தான் கிடைக்கும். பார்சலை நான் முதல் தம் உடைச்சதும் கட்டிடுறேன். பந்தி ஆரம்பிச்சப்புறம் கட்டச் சொன்னா மறந்து போயிடும்.

---

மஞ்சை டீச்சர்

பதிவேடு நல்ல யோசனை தம்பி. கேரம் போர்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பவுடர் கையோடு வந்து எழுதுவார்கள். தனி மேசை, நாற்காலி, வெளிச்சம். பேனா பத்து வாங்குங்கள். ஒரே பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டால் எண்பது பேர் எழுதி முடிக்க ஆவணி வந்துவிடும்.